பதக்கூம்பு: சூளைக்குள் ஒரு சோறு

புதுச்சேரி, ஆரோவில் பக்கத்து மட்கலப் பட்டறைகளில் சூளை எரியும் நாளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி, “கோன் சாஞ்சிடுச்சா?” என்பது. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியிலிருந்து, மண்ணைக் கல்லாக இறுகச் சுடும் ஸ்டோன்வேர் வேலை அந்த வட்டாரத்தில் பரவியது. அந்த வேலையில் நாள் தவறாமல் புழங்கும் சொல் இது. முழுப்பெயர் பைரோமெட்ரிக் கோன். என்ன பொருள் என்று கேட்டால், ‘சூளையின் வெப்பநிலையை அளக்கும் கூம்பு’ என்று விடை வரும்.

அந்த விடையில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. அது வெப்பநிலையை அளப்பதில்லை. கணக்குப் புத்தகம் சொல்லும் கூம்பும் அல்ல அது.

ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுண்டுவிரல் நீளம், சாக்கட்டி போன்ற சொரசொரப்பு, மூன்று பட்டைகள், அடி அகன்று நுனி குறுகிய ஒல்லியான வடிவம். ஒரு பட்டையில் எண் பதிந்திருக்கும். ஃபெல்ஸ்பார், படிகக்கல், சுண்ணாம்பு, வெண்களிமண் ஆகியவற்றை மாவாக அரைத்து, அளவு பார்த்துக் கலந்து, அச்சில் அழுத்திச் செய்தது. பானைமேல் பூசும் கண்ணாடிப் பூச்சான கிளேஸுக்கும் கிட்டத்தட்ட இதே சரக்குதான். நெருப்புக்குள் பானை படும் பாட்டையே இதுவும் படும் என்பதால்தான் இதன் சாட்சியை நம்புகிறோம். தட்டின்மேல் இதை நேராக நிறுத்துவதில்லை. 8 டிகிரி சாய்த்து நிறுத்துவார்கள். சூடு ஏறிக்கொண்டே போக, உள்ளே இருக்கும் சரக்கு இளகிக் கண்ணாடியாகத் தொடங்கும். அப்போது தன் எடையைத் தானே தாங்க முடியாமல் மெல்லத் தலை குனியும். குனியத் தொடங்கியதிலிருந்து நுனி தட்டைத் தொடுவதற்குள் கால் மணி நேரமாவது ஆகும்.

இனி சொல்லுக்கு வருவோம். கிரேக்கத்தில் ‘பைர்’ என்றால் தீ, ‘மெட்ரான்’ என்றால் அளவு. இரண்டையும் சேர்த்து 18ஆம் நூற்றாண்டில் ‘பைரோமீட்டர்’ என்ற சொல் பிறந்தது. ‘கோன்’ என்பதும் கிரேக்கம்தான். ‘கோனோஸ்’ என்றால் பைன் மரத்தின் காய். பைன்காய் வடிவில் இருப்பதெல்லாம் கோன் ஆயிற்று. ஆக, பெயரைப் பிரித்தால் ‘தீயை அளக்கும் பைன்காய்’ என்றுதான் வருகிறது.

தீயை அளக்க இந்தக் கூம்புக்கு முன்பே ஆசைப்பட்டவர் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற ஆங்கிலேயப் பீங்கான் உற்பத்தியாளர். களிமண்ணைச் சுட்டால் சுருங்கும் என்பது எல்லாக் குயவருக்கும் தெரியும். அந்தச் சுருக்கத்தையே அவர் அளவுகோலாக்கினார். சிறு களிமண் உருளைகளைச் சூளையில் வைத்து எடுத்து, ஒரு முனையில் அகன்று மறுமுனையில் ஒடுங்கும் காடிக்குள் தள்ளி, எவ்வளவு தூரம் நுழைகிறது என்று பார்த்தார். 1782இல் இதை லண்டன் ராயல் சொசைட்டியில் விளக்கினார். அடுத்த ஆண்டு அதன் உறுப்பினரும் ஆனார். கருத்து அருமையானது. ஆனால் உருளையை வெளியே எடுத்து ஆறவைத்த பிறகுதான் அளக்க முடியும். களிமண் மாறினால் கணக்கும் மாறிப்போகும்.

இன்றைய கூம்பைத் தந்தவர் ஹெர்மன் சேகர். பெர்லினில் அரச பீங்கான் ஆலையோடு சேர்ந்த ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வேதியியலாளர். 1886இல் தம் கூம்பு வரிசையை வெளியிட்டார். கிடைத்த மண்ணை நம்பாமல், ஒவ்வொரு கூம்பிலும் எந்த ஆக்சைடு எவ்வளவு என்று வேதியியல் கணக்குப் போட்டுக் கலவையை நிர்ணயித்தார். களிமண்ணும் மணலும் கூடக்கூட இளகுவதற்கு இன்னும் அதிகச் சூடு வேண்டும். அப்படிப் படிப்படியாக ஏறும் வரிசை அது. ஜெர்மனியில் இன்றும் அதற்குச் ‘சேகர் கூம்பு’ என்றே பெயர். அமெரிக்காவில் எட்வர்ட் ஆர்டன் 1896இல் ஒஹையோ மாநிலத்தில் இதைச் செய்து விற்கத் தொடங்கினார். இப்போது நம் பட்டறைகளில் சொல்லும் கோன் எண்கள் பெரும்பாலும் ஆர்டன் எண்கள்தான்.

‘அளக்கும்’ என்ற சொல்லை நான் ஏன் மறுக்கிறேன் என்பதற்கு இந்த ஆர்டன் அட்டவணையே சாட்சி. ஆறாம் எண் பெரிய கூம்பை எடுத்துக்கொள்வோம். கடைசிக் கட்டத்தில் சூளையை மணிக்கு 60 டிகிரி வீதம் ஏற்றினால் அது 1222 டிகிரி செல்சியஸில் சாயும். மணிக்கு 150 டிகிரி வீதம் விரட்டினால் 1243இல் சாயும். ஒரே கூம்பு, இரண்டு வெப்பநிலை. இதைக் கருவியின் குறை என்று நினைத்தால் முழு விஷயமும் கைநழுவிவிடும். பானையும் அப்படித்தான் வேகிறது. மெதுவாக ஏற்றினால் குறைந்த சூட்டிலேயே வெந்துவிடும். அவசரப்படுத்தினால் இன்னும் கொஞ்சம் சூடு கேட்கும். சூளைக்குள் செருகும் மின் வெப்பமானியான தெர்மோகப்பிள் ‘இப்போது இங்கே இத்தனை டிகிரி’ என்று மட்டும் சொல்லும். கூம்பு சொல்வது வேறு: சூடும் நேரமும் சேர்ந்து இதுவரை மண்ணுக்குள் என்ன வேலை செய்திருக்கின்றன என்பதை. ஆங்கிலத்தில் அதற்கென்று ‘ஹீட்வொர்க்’ என்று ஒரு கூட்டுச்சொல்லைக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

நமக்குக் கட்ட வேண்டியதே இல்லை. வேக்காடு என்ற சொல் வீட்டிலேயே இருக்கிறது. சோறும் வேகிறது, செங்கல்லும் வேகிறது; இரண்டுக்கும் ஒரே வினைதான். ‘கல்லு நல்லா வெந்திருக்கு’ என்று செங்கல்லைத் தட்டிப் பார்த்துச் சொல்கிறோம். சரியாகச் சுடாத செங்கல் அரைவேக்காடு. அரைகுறை அறிவுக்காரரும் அரைவேக்காடு. ‘வெப்ப வேலை’ என்று யாராவது மொழிபெயர்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஹீட்வொர்க் என்பதற்கு வேக்காடு போதும்.

அந்த வேக்காடு வேண்டிய கட்டத்துக்கு வந்துவிட்டதா என்று காட்டும் பொருளுக்கு என்ன பெயர்? ‘வெப்பமானிக் கூம்பு’ என்று எழுதலாம்தான். ஆனால் ‘மானி’ என்றதும் டிகிரி காட்டும் கருவி என்ற எண்ணம் வந்துவிடும். ஆங்கிலப் பெயரின் பிழை அப்படியே தமிழுக்குக் குடிவரும். ‘தீயளவுக் கூம்பு’ கிரேக்க வேருக்கு நெருக்கமானது. ஆனால் அதிலும் அளவு இருக்கிறது. நான் சொல்ல விரும்பும் பெயர் பதக்கூம்பு.

பதம் என்ற சொல்லை அடுப்படியில் கேட்டுப் பாருங்கள். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது யாரும் வெப்பமானி வைப்பதில்லை. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் கூட்டி உருட்டிப் பார்க்கிறார்கள். உருண்டால் உருட்டுப் பதம். இரு விரலுக்கு நடுவில் நூலாக இழுத்தால் கம்பிப் பதம். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்ற கேள்விகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே விடை அந்த உருண்டை. உழவருக்கு உழவுப் பதம் உண்டு. குயவர் மண்ணைப் பதப்படுத்துகிறார். ஒரு பொருள் தன் வேலைக்குச் சரியாக வந்து நிற்கும் நிலை எதுவோ அது பதம்.

இந்தச் சொல்லில் இன்னொரு நயமும் உண்டு. ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்னும்போது, பானை முழுவதற்கும் சாட்சியாக எடுத்து நசுக்கிப் பார்க்கும் அந்தப் பருக்கையே பதம் ஆகிறது. சூளைக்குள் நூறு கலங்கள் வேகும்போது தட்டின் ஓரத்தில் நிற்கும் கூம்பு செய்வது அதே வேலை. நிலையும் பதம், அந்த நிலைக்குச் சாட்சியும் பதம். கூம்புக்கு இரண்டு பொருளும் பொருந்துகின்றன. மரம், கிளை சேர்ந்து மரக்கிளை ஆவதுபோல் பதம், கூம்பு சேர்ந்து பதக்கூம்பு. இலக்கணத்திலும் இடறல் இல்லை.

அடுத்து ‘கூம்பு’. பட்டையான பொருளைக் கூம்பு என்பது கணக்கு ஆசிரியருக்கு உறுத்தலாம். வட்ட அடி இல்லையே என்பார். தமிழில் அந்த நெருக்கடி இல்லை. கூம்புதல் என்றால் குவிந்து ஒடுங்குதல். மாலையில் தாமரை கூம்புகிறது. கூப்பிய கைக்கும் அதே வேர். சங்கப் பாட்டில் பாய்மரத்துக்கும் கூம்பு என்று பெயர். அடி வட்டமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வடிவியலுக்கு உரியது. சொல்லுக்கு உரியது அல்ல.

‘சூளை’யைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பலர் இப்போது ‘கில்ன்’ என்றே எழுதுகிறார்கள். கிள்ளிவளவன் இறந்தபோது, அவனைக் கவிக்கும் தாழியை எவ்வளவு பெரிதாக வனைவாய் என்று குயவனைக் கேட்கும் 228ஆம் புறப்பாட்டில், வானத்தில் ஊன்றி நிற்கும் புகையோடு சூளை வருகிறது. மலையாளத்தில் இன்றும் ‘சூள’ என்கிறார்கள். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறொன்றைத் தேட எனக்குக் காரணம் தெரியவில்லை.

பெயரைவிட ஆபத்தானது எண். சேகரின் முதல் வரிசை 1இல் தொடங்கி மேலே போனது. பிறகு குறைந்த சூட்டுக்கும் கூம்புகள் தேவைப்பட்டபோது 1க்குக் கீழே எண் இல்லை. அதனால் முன்னால் ஒரு சுழியைப் போட்டு 01, 02 என்று கீழ்நோக்கி எண்ணினார்கள். 022 எல்லாவற்றிலும் கீழ். சுழி போட்ட எண் பெரிதாக ஆக, சூடு குறையும். 06 சாய்வது சுமார் 1000 டிகிரியில். 6 சாய்வது அதற்கும் 200 டிகிரிக்கு மேல். தமிழில் ‘06 மணி’யை ‘6 மணி’ என்று திருத்துவது நம் பழக்கம். பிழைதிருத்தத்துக்காக என்னிடம் வந்த ஒரு பயிற்சிக் குறிப்பில் எல்லாச் சுழிகளும் அப்படிக் களையப்பட்டிருந்தன. அதை நம்பிச் சாதாரணச் செம்மண் கலத்தை 6 வரை ஏற்றினால் கிளேஸ் வழிந்து தட்டோடு ஒட்டும். கலமும் உப்பி உருக்குலையும். எழுதும்போது சுழியை விடக்கூடாது. வாயால் சொல்லும்போது ‘சுழி ஆறு’ என்றே சொல்லலாம்.

சூளையில் ஒற்றைக் கூம்பை வைப்பதைவிட, அடுத்தடுத்த எண்ணில் மூன்றை ஒரே களிமண் பட்டையில் ஊன்றி வைப்பதே நல்லது. ஆறாம் எண்ணுக்குச் சுடுகிறோம் என்றால் 5, 6, 7. முதலாவதை முன்கூம்பு எனலாம். அது சாய்ந்தால் சுடுபவர் இனி இடத்தைவிட்டு நகரக்கூடாது. நடுவில் இருப்பதே பதக்கூம்பு. மூன்றாவது காவல் கூம்பு. அது சாயத் தொடங்கினால் எல்லை தாண்டிவிட்டோம். 1200 டிகிரிக்கு மேல் பார்வைத் துளையில் வெறுங்கண்ணால் ஒன்றும் தெரியாது, எல்லாமே ஒரே வெளிச்சம். வெல்டிங் வேலைக்கான கருப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்சம் விலகி நின்று பார்க்க வேண்டும். முன்கூம்பு படுத்திருக்கிறது. பதக்கூம்பு வில்லாக வளைந்து, நுனி தட்டைத் தொடுகிறது. காவல் கூம்பு நிமிர்ந்தே நிற்கிறது. இப்போது தீயை நிறுத்தலாம்.