எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எத்தனை மணிக்கு வருகிறீர்கள்?

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் கிளினிக்கிற்கு யார் நாயைக் கொண்டுவந்தாலும், நாயைத் தொடுவதற்கு முன்பே நான் கேட்கும் கேள்வி இது. பலர் திகைப்பார்கள். உடம்பு சரியில்லாதது நாய்க்கு, டாக்டர் எதற்கு என் வேலை நேரத்தைக் கேட்கிறார் என்று முகத்தில் தெரியும். ஆனால் தோல் நோய், சிறுநீர்த் தொல்லை, பிய்ந்த நகம் என்று இங்கே வரும் பல நாய்களின் கதை அந்தப் பதிலில்தான் தொடங்குகிறது.

பிரௌனி என்று ஒரு நாட்டு நாய். மூன்று வயது, பெண். முன்காலில் இரண்டு நகங்கள் வேரோடு பிய்ந்து இரத்தம் கசிய வந்தாள். ஈறிலும் காயம். அவளை வளர்ப்பவர் ஷா ஆலமில் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் பெண். "சேட்டை தாங்க முடியல டாக்டர். நான் வேலைக்குப் போறதுக்குப் பழி வாங்குது. கதவையே பிறாண்டித் தள்ளிடுச்சு" என்றார். என் கேள்விக்கு அவர் சொன்ன பதில்: காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் திரும்ப இரவு எட்டே கால் ஆகிவிடும். பதின்மூன்றரை மணி நேரம்.

இதில் அவர் தவறு ஒன்றும் இல்லை. 2023 ஜனவரி 1 முதல் மலேசியாவில் சட்டப்படி வேலை நேரம் வாரத்துக்கு 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்தது. ஐந்து நாள் வேலை என்றால் நாளுக்கு ஒன்பது மணி. சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி. ஃபெடரல் நெடுஞ்சாலையிலோ எம்.ஆர்.ஆர். 2 வட்டச் சாலையிலோ போகவர நெரிசலில் இரண்டு மூன்று மணி. ஓவர்டைம் எதுவும் இல்லாமலேயே பன்னிரண்டு மணி தாண்டிவிடுகிறது. கோலாலம்பூரில் உழைத்துப் பிழைக்கும் யாருக்கும் இதுதான் கணக்கு. நான் கேட்பதெல்லாம், அந்தக் கணக்கை நாய் வாங்குவதற்கு முன் போட்டுப் பாருங்கள் என்றுதான்.

பழைய போன் ஒன்றை அலமாரி மேல் வைத்துப் படம் பிடிக்கச் சொன்னேன். மறுநாள் அந்தப் பெண் அழுதுகொண்டே வந்து காட்டினார். கதவு சாத்தி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, பிரௌனி மூச்சு வாங்கத் தொடங்குகிறாள். வாயிலிருந்து எச்சில் ஒழுகுகிறது. வாசலுக்கும் சன்னலுக்குமாக ஓடுகிறாள், ஊளையிடுகிறாள், பிறகு கதவுதான். தட்டில் வைத்த கோழிக்கறியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதற்குப் பிரிவுப் பதற்றம் என்று பெயர். வெறும் சேட்டை செய்யும் நாய் நிம்மதியாகச் செருப்பைக் கடிக்கும். பிரௌனி செய்தது தீப்பிடித்த வீட்டில் மாட்டிக்கொண்டவர் கதவை இடிப்பதைப் போன்றது.

"இல்லை டாக்டர், நான் வந்ததும் தலையைக் குனிஞ்சுக்கும். தப்புப் பண்ணினது அதுக்கே தெரியும்" என்று பலர் சொல்வார்கள். இதை நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் சோதித்து 2009-இல் வெளியிட்டார். நாய் உண்மையில் தப்புச் செய்ததா இல்லையா என்பதற்கும் அந்தக் 'குற்ற முகத்துக்கும்' சம்பந்தம் இல்லை. எசமானர் திட்டும்போதுதான் அந்த முகம் அதிகம் வருகிறது. ஆக, நீங்கள் பார்ப்பது பயம். வேலை முடிந்து களைத்து வருகிறீர்கள், சோபா கிழிந்து கிடக்கிறது, கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அடித்தால், தனிமையோடு சேர்த்து உங்கள் வருகையையும் அது அஞ்சத் தொடங்கும்.

என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் நாய் வளர்த்தவர். விடியற்காலையில் அவர் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குக் கிளம்பினால் நாயும் கூடவே போகும். அவர் பால் மரம் சீவும்போது முன்னால் போய்ப் பாம்பு, காட்டுப்பன்றி ஏதும் இருந்தால் குரைக்கும். மதியம் லயத்துப் பிள்ளைகளோடு ஓடும். யாராவது ஒருவர் வீட்டில் எப்போதும் இருப்பார்கள். நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்று சொல்வார்களே, அப்படி. தோட்டத்தை விட்டு நகரத்துத் தாமான் குடியிருப்புக்கும் அடுக்குமாடிக்கும் வந்துவிட்டோம். நாய் வளர்க்கும் ஆசையும் கூடவே வந்தது. ஆனால் அந்தத் தோட்டமும் லயமும் வரவில்லையே. இன்றைய நாய்க்கு நிற்க நேரம்தான் இருக்கிறது, நாள் முழுக்க.

வளர்ந்த நாய் ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் தூங்கும். அதனால் தனியாக இருப்பது என்பதே கொடுமை இல்லை. நான்கைந்து மணி நேரம் பெரும்பாலான நாய்களுக்குச் சிரமம் இருக்காது. ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க வைத்தால்தான் உடம்பில் தெரியும். சிறுநீர்த் தொற்றும் கல்லும் ஏற்பட அது வழிவிடுகிறது. குட்டி என்றால் கணக்கே வேறு: எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டுங்கள், அத்தனை மணி நேரம்தான் அடக்கும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். அதற்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை சாப்பாடும் வேண்டும்.

அதனால் பன்னிரண்டு மணி நேரம் வீட்டில் ஆளில்லாதவர்கள் குட்டி வாங்க வேண்டாம். இதை நான் வளைத்துப் பேச விரும்பவில்லை. அம்பாங்கில் இருக்கும் எஸ்.பி.சி.ஏ. சிலாங்கூர் (விலங்கு வதைத் தடுப்புச் சங்கம்) போன்ற காப்பகங்களில் நான்கைந்து வயது நாய்கள் ஆளுக்காகக் காத்திருக்கின்றன. அவற்றின் குணம் என்ன, தனியாக இருக்குமா என்பதெல்லாம் பராமரிப்பவர்களுக்கே தெரிந்திருக்கும். கேட்டு எடுத்து வாருங்கள். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது வீட்டிலேயே இருந்ததால் குட்டி வாங்கியவர்கள் உண்டு. எந்நேரமும் மடியில் வளர்ந்த அந்தக் குட்டிகள், அலுவலகம் திறந்ததும் ஒரே நாளில் தனிமைக்குத் தள்ளப்பட்டன. அவற்றில் சில இன்றும் என்னிடம் சிகிச்சைக்கு வருகின்றன.

தரை வீட்டுக்காரர்கள் எனக்கு அந்தக் கவலை இல்லை, என் நாய் வெளியேதானே இருக்கிறது என்பார்கள். எனக்கு அவர்களை நினைத்தால்தான் இன்னும் கவலை. செத்தாப்பாக்கில் ஒரு வீடு, மேற்குப் பார்த்த வாசல், மேலே தகரக் கூரை. ஷி சூ நாயைச் சங்கிலியில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். காலையிலேயே அது தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்துவிட்டது போலும். பக்கத்து வீட்டுக்காரர் மதில் வழியாகப் பார்த்துத் தூக்கி வந்தபோது உடம்புச் சூடு 41.6 பாகை. நாய்க்கு இயல்பான சூடு 38-இலிருந்து 39.2 வரைதான். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி மூச்சு இளைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் அந்த இளைப்பும் சரியாக வேலை செய்வதில்லை. ஷி சூ, பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதையே குறுகல். அந்த நாயைக் காப்பாற்ற முடியவில்லை.

நாய் தள்ளாடினால், ஈறு செங்கல் நிறமாகச் சிவந்தால், வாந்தி எடுத்தால் முதலில் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றுங்கள், காற்றாடியைப் போடுங்கள். பிறகுதான் கார். ஈரத் துண்டைப் போர்த்தாதீர்கள், அது சூட்டை உள்ளே அடைத்துவிடும். வெயிலில் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்றால் அந்த வீட்டில் நாய் வேண்டாம்.

இரவில் மட்டும் வீட்டில் இருப்பவர் தன் நாயை வெளிச்சத்தில் பார்ப்பதே இல்லை. இதை நான் அடிக்கடி யோசிக்கிறேன். உண்ணிக் காய்ச்சல் இங்கே சாதாரணம். பழுப்பு நாய் உண்ணி நம் வெப்பத்தில் வருடம் முழுக்கப் பெருகும். சிமெண்டு விரிசலிலும் மதில் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அது பரப்பும் கிருமி இரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும். முதல் அறிகுறி சோர்வும் சாப்பிடாமையும்தான். ராத்திரி ஒன்பது மணிக்குச் சோற்றை வைத்துவிட்டுப் படுக்கப் போகிறவர், காலையில் தட்டு அப்படியே இருந்தால் 'வெயிலுக்கு மந்தமாக இருக்கு' என்று நினைத்துக்கொள்வார். மூக்கில் இரத்தம் வந்த பிறகு தூக்கி வருவார். விளக்கைப் போட்டு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். உதட்டைத் தூக்கி ஈறின் நிறம், காதின் உள்பக்கம், கால் விரல் இடுக்கு, சிறுநீரின் நிறம். மாதாமாதம் உண்ணிக்கும் இதயப் புழுவுக்கும் மருந்து கொடுங்கள். எலித் தொல்லை உள்ள இடம் என்றால் எலிச் சிறுநீர் நோய்க்கான தடுப்பூசியை வருடம் தவறாமல் போடுங்கள், அது மனிதருக்கும் தொற்றும் நோய். அப்புறம், உடம்பு சரியில்லை என்று நாய்க்குப் பனடோல் (பாராசிட்டமால்) கொடுக்காதீர்கள். அதன் கல்லீரல் தாங்காது. வெங்காயம் போட்ட கறிக் குழம்புச் சோறும் வேண்டாம், இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

சரி, ஏற்கெனவே நாய் இருக்கிறது, வேலையையும் விட முடியாது, என்ன செய்வது? நாளை நடுவில் உடையுங்கள். அவ்வளவுதான் என் முதன்மையான மருந்து. மதியம் ஒருவர் வந்து இருபது நிமிடம் வெளியே கூட்டிப்போய், தண்ணீர் மாற்றி, கொஞ்சம் பேசிவிட்டுப் போனால் பதின்மூன்று மணி நேரம் ஆறு ஆறாகப் பிரிந்துவிடும். ஓய்வுபெற்ற அண்டை வீட்டார், கல்லூரி போகும் பிள்ளை, காசுக்கு வந்து பார்ப்பவர், யாராக இருந்தாலும் சரி. காலை நடையில் அவசரப்படுத்தாதீர்கள். நாய் செடி செடியாக மோந்து பார்க்கட்டும், மோப்பம் அதன் மூளைக்கு வேலை. காலைச் சாப்பாட்டைத் தட்டில் கொட்டாமல் துணியில் சுருட்டியோ அட்டைப் பெட்டியில் ஒளித்தோ வையுங்கள். சாவியை எடுத்து மாட்டிவிட்டு உட்காருங்கள், கதவைத் திறந்து ஒரு நிமிடத்தில் திரும்பி வாருங்கள், பிறகு மூன்று நிமிடம், பத்து நிமிடம். நாய் பதறாத அளவுக்குள் நேரத்தைக் கூட்டிப் பழக்க வாரங்கள் ஆகும். மிகவும் துன்பப்படும் நாய்களுக்கு மருந்தும் உண்டு, கால்நடை மருத்துவரைக் கேட்டுத் தரலாம்.

துணைக்கு இன்னொரு நாய் வாங்கட்டுமா என்பார்கள். அவசரப்படாதீர்கள். பதறும் நாய் பெரும்பாலும் ஏங்குவது ஒரு மனிதருக்காக. இன்னொரு நாய் அந்த இடத்தை நிரப்புவது அபூர்வம்.

சட்டமும் இதைப் பேசுகிறது. மலேசியாவின் விலங்கு நலச் சட்டம் 2015, பிரிவு 24-இன்படி விலங்குக்கு ஏற்ற இடம், ஏற்ற உணவு, இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு எல்லாம் வளர்ப்பவரின் கடமை. கொடுமைக்கு 20,000 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 100,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். கோலாலம்பூரில் நாய்க்கு மாநகர மன்றத்தின் உரிமம் வேண்டும். அடுக்குமாடி என்றால் வாங்குவதற்கு முன்பே நிர்வாகத்தையும் மாநகர மன்றத்தையும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பழகிய பிறகு 'வெளியேற்று' என்று கடிதம் வந்தால் நாய்தான் நடுத்தெருவில் நிற்கும்.

பிரௌனிக்கு மருந்து கொடுத்தோம், கதவுப் பழக்கம் தொடங்கினோம். மதியத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அந்தப் பெண் இரண்டு வாரம் அலைந்தார். கடைசியில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஆண்ட்டி, முழங்கால் வலிக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார்கள், நானே வருகிறேன் என்றார். காசு வேண்டாம் என்று சொன்னவரிடம் பேசி மாதம் ஒரு தொகை வாங்க வைத்தார்கள். போன மாதம் தடுப்பூசிக்கு வந்தபோது நகம் முழுதாக வளர்ந்திருந்தது. போனில் ஒரு பதிவைக் காட்டினார்: காலை முழுக்கச் சோபாவில் தூக்கம், பன்னிரண்டு ஐம்பதுக்கு எழுந்து சோம்பல் முறித்துவிட்டு வாசலுக்கு நேரே போய் உட்காருகிறாள். ஆண்ட்டி வருவது ஒரு மணிக்கு.