சொல் விளக்கம்: இடைவெளி (ஒயிட்ஸ்பேஸ்)

ஜனவரி பிறந்தால் ஊட்டியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் விடியற்காலைப் புல் எல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். உறைபனி. சில இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் மூன்று இரவுகளின் குறைந்த வெப்பநிலையை ஆக்டேவ் என்ற கணக்கு மென்பொருளில் அணியாக, அதாவது மேட்ரிக்ஸாக, ஏற்றிக்கொண்டிருந்தாள். 3, மைனஸ் 1, 0. "மாமா, மூணு நாள் போட்டேன், ரெண்டுதான் காட்டுது" என்றாள். அவள் அடித்திருந்தது [3 - 1 0]. வந்த விடை 2, 0. மைனஸுக்கும் 1-க்கும் நடுவே ஒரு ஸ்பேஸ் விழுந்திருந்தது. அதை எடுத்து [3 -1 0] என்று மாற்றியதும் மூன்று எண்களும் வந்துவிட்டன.

சதுர அடைப்புக்குள் மைனஸுக்கு முன்னால் இடம் விட்டு, பின்னால் ஒட்டி எழுதினால் அது அந்த எண்ணின் குறி. இரண்டு பக்கமும் இடம் விட்டாலும் விடாவிட்டாலும் கழித்தல். மாட்லாப், ஜூலியா என்ற கணினி மொழிகள் இரண்டிலும் இதே வழக்கம்தான். தமிழகச் சமவெளி ஊர்களின் வெப்பநிலைக் கணக்கில் மைனஸே வராது, அதனால் இந்தத் தவறும் வராது.

ஒயிட்ஸ்பேஸ் என்பது அச்சுத்தொழில் தந்த சொல். மை படாமல் விட்ட தாளின் வெள்ளை அது. இதை 'வெள்ளைவெளி' என்று பெயர்த்தால் தமிழில் ஒட்டவில்லை. நம் ஓலைச்சுவடியில் வெள்ளையும் கிடையாது, சொல்லுக்குச் சொல் இடம் விடும் பழக்கமும் கிடையாது. 'வெற்றிடம்' இன்னும் மோசம், அங்கே ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடுகிறது. கணினிக்கு ஸ்பேஸும் ஓர் எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி வரிசையில் அதன் எண் 32.

'இடைவெளி'தான் சரி. இடை என்றாலே இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று இருந்தாக வேண்டும். [3 -1]-இல் ஸ்பேஸ் செய்வதும் அதைத்தான்: ஒன்றை இரண்டாக்கி நடுவில் நிற்கிறது. டேப் தட்டினாலும் அப்படியே. ஆனால் என்டர் தட்டினால் புதிய நிரை (கிடைவரிசை) தொடங்கிவிடும், அரைப்புள்ளி போட்டது போல. ஆங்கிலம் மூன்றையும் ஒயிட்ஸ்பேஸ் என்றே சொல்கிறது. தமிழில் என்டரை 'வரிமுறிவு' என்று பிரித்துச் சொல்வது நல்லது.

இந்த நுணுக்கம் நமக்குப் புதிதல்ல. பலகை என்று சேர்த்தால் மரப்பலகை. பல கை என்று பிரித்தால் நிறையக் கைகள். இப்படித் தனிச்சொல்லாகவும் தொடராகவும் நிற்பதற்கு நன்னூல் வைத்த பெயர் பொதுமொழி. [3-1] பலகை, [3 -1] பல கை.

அணி என்ற சொல்லும் இங்கே அழகாகப் பொருந்துகிறது. மேட்ரிக்ஸ் என்று கணித அறிஞர் சில்வெஸ்டர் 1850-இல் பெயர் வைத்தபோது எடுத்தது கருப்பையைக் குறிக்கும் லத்தீன் சொல்லை. இலங்கைப் பாடநூல்கள் அதைத் தாயம் என்கின்றன. நம்முடைய அணியோ வரிசையாக நிற்பது. ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் அணிவகுப்பு ஏது?

கழித்தலே வேண்டுமென்றால் வளை அடைப்பு போடலாம். [(3 -1) 0] என்றால் உள்ளே இருக்கும் ஸ்பேஸ் பிரிக்காது. விடை 2, 0. எண்கள் தனித்தனியாக வேண்டுமென்றால் கால்புள்ளிதான் பத்திரம்: [3, -1, 0]. ஆக்டேவில் இது பழைய நிரையேதான். ஜூலியாவில் மட்டும் கவனம்: அங்கே கால்புள்ளி போட்டால் நிரை கிடைக்காது, நிரல்போல, மேலிருந்து கீழாக நிற்கும் வெக்டர்தான் கிடைக்கும்.