ஏர்போர்ட்டில் நிறுத்தினால் முதல் கேள்வி: நிறுத்தியது யார்?

சேலம் விமான நிலையம் இருப்பது ஓமலூர் பக்கம் கமலாபுரத்தில். 2018 மார்ச்சில், சிறு ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் கீழ் இங்கிருந்து சென்னைக்கு விமானம் விட்டார்கள். பிறகு அது நின்றுபோய், 2023 அக்டோபரில் சேவை மறுபடி தொடங்கியது. துபாய், சிங்கப்பூர், அமெரிக்கா என்று போகிறவர்கள் பெங்களூரு, சென்னை, கோவை, திருச்சி போன்ற ஊர்கள் வழியாகத்தான் போயாக வேண்டும். ஆகவே ஒரே பயணத்தில் பல கைகள் நம் பெயரையும் பையையும் முகத்தையும் பார்க்கின்றன. நடுவில் எங்காவது நிறுத்திவிட்டால் "ஏர்போர்ட்டுல விடமாட்டேங்கறாங்க" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதை வைத்துக்கொண்டு யாருக்கும் மனு எழுத முடியாது.

வாசலில் அடையாள அட்டையைப் பார்ப்பவரும் பையை எக்ஸ்ரேயில் விடுபவரும் சீருடைப் பாதுகாப்புப் படையினர். அவர்கள் பின்பற்றும் விதிகளை வகுப்பது மத்திய அரசின் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம், சுருக்கமாக பி.சி.ஏ.எஸ். கவுன்டரில் போர்டிங் பாஸ் தருபவர் விமான நிறுவனத்தின் ஊழியர். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துபவர் மத்திய உள்துறையின் குடியேற்றப் பணியகத்தைச் சேர்ந்தவர். நால்வரில் யார் "கூடாது" என்றார் என்பதைப் பொறுத்துத்தான் காரணமும் மாறும், முறையிடும் இடமும் மாறும்.

இனிஷியல் தரும் தலைவலி

வாசலில் நிற்க வைக்கப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம் பெயர்தான். விமான டிக்கெட் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என இரண்டு கட்டம் கேட்கும். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும் உண்டு. ஆதாரில் "முருகேசன் க", பான் கார்டில் "கருப்பண்ணன் முருகேசன்", டிக்கெட்டில் "க முருகேசன்" என்று மூன்று விதமாக இருக்கும். உள்நாட்டுப் பயணத்தில் இனிஷியல் முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்பதைப் பெரும்பாலும் பெரிதுபடுத்த மாட்டார்கள். பெயரே வேறாக இருந்தாலோ, வீட்டில் கூப்பிடும் பெயரில் டிக்கெட் எடுத்திருந்தாலோ உள்ளே விட மாட்டார்கள்.

கையில் எந்த அடையாள அட்டையைக் கொண்டுபோகப் போகிறோமோ அதைப் பார்த்தே டிக்கெட் போட வேண்டும். ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பான், பாஸ்போர்ட் எதுவும் செல்லும். டிஜிலாக்கரிலோ எம்-ஆதார் செயலியிலோ திறந்து காட்டலாம். ஜெராக்ஸும் வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவும் செல்லாது. பெற்றோருடன் போகும் குழந்தைக்குத் தனியாகப் போட்டோ அடையாளம் கேட்பதில்லை. ஆனால் 2 வயதுக்குள் என்று சொல்லி டிக்கெட் எடுத்திருந்தால் பிறப்புச் சான்றிதழை விமான நிறுவனம் கேட்கும்.

பெயரில் ஓரிரு எழுத்து தவறியிருந்தால் டிக்கெட் எடுத்த அன்றே விமான நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் சொல்லித் திருத்திவிடுங்கள். டிராவல்ஸ் மூலம் எடுத்த டிக்கெட் என்றால் அவர்கள் வழியாகத்தான் திருத்தம் நடக்கும், அதற்கு நேரம் பிடிக்கும். ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம் நெரிசலைத் தாண்டி, கமலாபுரம் வாசலில் வந்து நின்று இதைச் சரிசெய்யப் பார்த்தால் நடக்காது. உள்நாட்டு விமானத்துக்குப் பொதுவாகப் புறப்பட 60 நிமிடம் இருக்கும்போதே கவுன்டரை மூடிவிடுகிறார்கள்.

முகத்தைக் காட்டலாமா?

அடையாள அட்டைக்குப் பதில் முகத்தைக் காட்டி உள்ளே போகும் டிஜி யாத்ரா 2022 டிசம்பர் 1 அன்று டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கியது. சேலத்துக்காரர்கள் இதைச் சந்திப்பது பெங்களூரிலும் சென்னையிலும் கோவையிலும். செயலியில் ஆதாரைச் சரிபார்த்து, செல்ஃபி எடுத்து, போர்டிங் பாஸை ஏற்றி, அதைப் புறப்படும் விமான நிலையத்துக்குப் பகிர வேண்டும். அதன்பின் வாசலில் கேமரா முகத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கும். இங்கேயும் இனிஷியல் குறுக்கே வரும். ஆதாரில் உள்ள பெயரும் போர்டிங் பாஸில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் செயலி ஏற்காது. வாசல் காவலர் மன்னித்துவிடும் வித்தியாசத்தைக் கணினி மன்னிக்காது.

இதை நடத்துவது அரசுத் துறை அல்ல. டிஜி யாத்ரா ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கற்ற நிறுவனம் நடத்துகிறது. அதில் இந்திய விமான நிலைய ஆணையத்தின் பங்கு 26 சதவீதம், மீதி டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி விமான நிலைய நிறுவனங்களுடையது. விவரங்கள் நம் போனிலேயே இருக்கும், விமான நிலையத்துக்குப் போன நகல் விமானம் புறப்பட்ட 24 மணி நேரத்தில் அழிக்கப்படும் என்பது அவர்கள் தரும் உறுதி. தகவல் அறியும் உரிமைச் சட்டம் தங்களுக்குப் பொருந்தாது என்பதும் அவர்கள் நிலைப்பாடு. அரசு உத்தரவால் வந்த திட்டத்தைப் பற்றிக் குடிமகன் கேள்வி கேட்க வழி குறைவாக இருப்பது சரியில்லை என்பது எங்கள் கருத்து.

தெரிந்துகொள்ள வேண்டிய விதி, இது முழுக்க விருப்பத்தின் பேரில்தான். வாசலில் ஊழியர் "இங்க பாருங்க சார்" என்று கேமராவைக் காட்டினால், "எனக்கு டிஜி யாத்ரா வேண்டாம், ஐ.டி. காட்டுகிறேன்" என்று சொன்னால் போதும். சாதாரண வரிசை கட்டாயம் இருக்கும். பயன்படுத்திவிட்டு வேண்டாம் என்று நினைப்பவர்கள் செயலியை அழிப்பதற்கு முன் அதற்குள் போய்க் கணக்கை நீக்கிவிட வேண்டும்.

பையைத் திறக்கச் சொன்னால்

எக்ஸ்ரே திரையில் உலோகம் நீலமாகத் தெரியும். உணவு, தூள், துணி போன்ற கரிமப் பொருள் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். வெடிமருந்தும் கரிமப் பொருள்தான். ஒரு கிலோ ஏற்காடு காபித்தூளோ ஜவ்வரிசிப் பொட்டலமோ இறுக்கமாகக் கட்டி நடுப்பையில் கிடந்தால், திரையில் தெரிவது ஓர் ஆரஞ்சுக் கட்டி. அதனால்தான் திறக்கச் சொல்கிறார்கள், சந்தேகப்பட்டு அல்ல. மேலாக வைத்துவிட்டால் ஒரு நிமிடத்தில் முடியும். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு வியாபாரிகளுக்கு வேறு சிக்கல். வெள்ளி அடர்த்தி அதிகமென்பதால் மூட்டை கருப்பாகத் தெரியும், உள்ளே என்ன என்று ஊடுருவிப் பார்க்க முடியாது. பில் அல்லது டெலிவரி சலான் கையில் இருக்கட்டும். கேபின் பையின் எடை பொதுவாக 7 கிலோதான் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட்-ஹவர் வரை தனி அனுமதி வேண்டாம். அதில் எழுதியிருக்கும் மில்லி ஆம்பியர்-ஹவரை (mAh) 3.7 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் கணக்கு கிடைக்கும்: 20,000 என்றால் 74, தாராளமாகப் போகலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், அதற்கு மேல் கிடையாது. எழுத்து அழிந்துபோன பவர் பேங்கை எடுத்துப் போகாதீர்கள். அளவு தெரியாததை வாங்கி வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு.

சபரிமலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இருமுடித் தேங்காய் சாதாரணமாகக் கேபினில் அனுமதி இல்லாதது. 2024-25 சீசனுக்கு 2025 ஜனவரி 20 வரை மட்டும் தனி அனுமதி தந்தார்கள், சோதனைக்குப் பிறகு. ஒவ்வொரு சீசனுக்கும் உத்தரவு வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே முடி கட்டுங்கள். கொப்பரை வேறு விஷயம். எண்ணெய்ச் சத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று அதைச் சர்வதேச விதி வகைப்படுத்தியிருக்கிறது.

விமான நிறுவனத்தின் தடைப் பட்டியல்

2017 மார்ச்சில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் ஏர் இந்தியா ஊழியரைத் தாக்கிய விவகாரத்துக்குப் பிறகு, ரகளை செய்யும் பயணியை விமான நிறுவனம் பறக்க விடாமல் தடுப்பதற்கான விதியை அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) வெளியிட்டது. குற்றம் மூன்று படி. வாய்ச்சண்டை, மிரட்டும் சைகை, குடித்துவிட்டு ரகளை செய்தால் 3 மாதம் வரை தடை. தள்ளுவது, அடிப்பது, தவறாகத் தொடுவது 6 மாதம் வரை. உயிருக்கு ஆபத்து உண்டாக்குவது, விமானி அறைக்குள் நுழையப் பார்ப்பது 2 ஆண்டுக்குக் குறையாது, மேல் வரம்பு இல்லை. மறுபடி செய்தால் முந்தைய தடையின் இரட்டிப்பு.

விமானி புகார் தந்தவுடன் நிறுவனம் 30 நாள் வரை தற்காலிகமாகத் தடுக்கலாம். அதற்குள் அதன் உள்குழு முடிவெடுக்க வேண்டும். ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில், வேறொரு விமான நிறுவனத்தின் பிரதிநிதியும் பயணிகள் அல்லது நுகர்வோர் தரப்பு ஆளும் அதில் இருப்பார்கள். 30 நாளில் முடிவு வராவிட்டால் பயணி பறக்கலாம். ஆகையால் முதல் கடிதம் வந்த தேதியைக் குறித்து வைப்பது முக்கியம். முடிவு பாதகமானால் 60 நாளுக்குள் விமானப் போக்குவரத்து அமைச்சகம் அமைத்த மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம், அதற்குப் பின் உயர் நீதிமன்றம். ஒரு நிறுவனம் போட்ட தடை மற்ற நிறுவனங்களைக் கட்டாயமாகக் கட்டுப்படுத்தாது.

இதே விதியில் இன்னொரு வகை உண்டு. தேசப் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று உள்துறை அமைச்சகம் சொல்லும் பெயர்கள். அவை பொதுவில் வெளியிடப்படுவதில்லை.

லுக் அவுட் நோட்டீஸ்

பத்திரிகைகளில் லுக் அவுட் நோட்டீஸ் என்று வருவதன் அலுவல் பெயர் லுக் அவுட் சர்க்குலர். இன்னார் வந்தால் நிறுத்துங்கள் அல்லது தகவல் சொல்லுங்கள் என்று இமிகிரேஷனுக்குப் போகும் சுற்றறிக்கை இது. வெளிநாடு போகும்போதும் வரும்போதும் இமிகிரேஷன் கவுன்டரில் மட்டுமே இது குறுக்கிடும். கமலாபுரத்திலிருந்து சென்னை வரை எந்தத் தடையும் இல்லாமல் போனவர், சென்னையில் துபாய் விமானத்துக்கு முன் நிறுத்தப்படுவது இதனால்தான். முன்கூட்டி யாரும் தகவல் தர மாட்டார்கள்.

இதைக் கேட்டு அனுப்புவது குடியேற்றப் பணியகம் அல்ல. மாவட்ட எஸ்.பி., மாவட்ட ஆட்சியர், சி.பி.ஐ., அமலாக்கத் துறை, வருமான வரித் துறை போன்றவை கேட்கும், பணியகம் பதிவேற்றி நிறைவேற்றும். எனவே இமிகிரேஷன் அதிகாரியிடம் வாதாடிப் பயனில்லை. அவரிடம் கேட்க வேண்டியது, எந்த அமைப்பு கேட்டதன் பேரில் என்பதை மட்டும். சேலம் மாநகரப் போலீஸ் நிலைய வழக்கு என்றால் கமிஷனர் அலுவலகம், ஓமலூர், ஏற்காடு என்றால் மாவட்ட எஸ்.பி. அலுவலகம்.

பிடிவாரண்டுக்கு வராமல் தப்புகிறவர், கைது செய்யத்தக்க குற்றத்தில் விசாரணையைத் தவிர்க்கிறவர் ஆகியோருக்காக ஏற்பட்டது இது. அப்படிப்பட்ட குற்றம் இல்லாத வழக்கில் பயணத்தைத் தடுக்கச் சொல்ல முடியாது, வருகை போக்கை மட்டும் தெரிவிக்கச் சொல்லலாம். நடைமுறையில் வரதட்சணைக் கொடுமை வழக்கில் வெளிநாட்டு மாப்பிள்ளைக்கும், பெரிய கடன் வழக்குகளிலும் அதிகம் வருகிறது. பொதுத்துறை வங்கித் தலைவர்களே இதைக் கேட்கலாம் என்று சேர்க்கப்பட்டிருந்த பிரிவை 2024 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இனிமேல்தான். முன்பு சர்க்குலர் ஓர் ஆண்டில் தானாகக் காலாவதியாகும். 2021 பிப்ரவரியில் வந்த உள்துறை வழிகாட்டுதலின்படி, கேட்ட அமைப்பே நீக்கச் சொல்லும்வரை அது உயிரோடு இருக்கும். அவ்வப்போது மறுபரிசீலனை செய்யும் பொறுப்பு அந்த அமைப்புக்கு உண்டு என்றாலும், வழக்கு சமரசமாகி ரத்தான பிறகும் யாரும் கடிதம் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். வழக்கு முடிந்தது என்று நம்பி டிக்கெட் எடுத்தவர் கவுன்டரில் நிற்கிறார். ஆகவே வழக்கு முடிந்த அன்றே தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு, சர்க்குலரை நீக்கக் கோரி விசாரணை அதிகாரிக்கும் எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். நகல் ஒன்று குடியேற்றப் பணியகத்துக்கும் போகட்டும். பயண நாளில் நகலும் ஒப்புகை அட்டையும் கைப்பையில் இருக்க வேண்டும்.

வழக்கு நடந்துகொண்டிருந்தால் விசாரணை நீதிமன்றத்தில் பயண அனுமதி கேட்கலாம். போகும் தேதி, திரும்பும் தேதி, தங்கும் முகவரி, டிக்கெட் விவரம் எல்லாம் மனுவில் இருந்தால்தான் பரிசீலிப்பார்கள். சர்க்குலரே தவறு என்றால் அரசியலமைப்பின் 226-வது பிரிவின் கீழ் சென்னை உயர் நீதிமன்றம். சேலம் மாவட்டம் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வராது.

வெளிநாட்டுப் பட்டியலில் பெயர் இடித்தால்

பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல் விசிட் விசாவில் ஏற்பதில்லை. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினாலும், பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போதே இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிடுவது நல்லது. பட்டச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருந்தால் அது புதிய பாஸ்போர்ட் பெயரோடு பொருந்தாது, அதைத் தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கும்.

அமெரிக்கா போகும் விமானங்களில் ஒவ்வொரு பயணியின் பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றையும் அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை தன் கண்காணிப்புப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. பட்டியலில் இருப்பவரின் பெயர் நம் பெயரோடு ஒத்துப்போனால் ஆன்லைன் செக்-இன் ஆகாது. போர்டிங் பாஸில் நான்கு எஸ் எழுத்துகள் வரும், பெட்டி முழுவதையும் பிரித்துப் பார்ப்பார்கள். ஒருமுறை வந்தால் தற்செயலாக இருக்கலாம். தொடர்ந்து வந்தால் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் டிரிப் என்ற இணையதளத்தில் கட்டணமின்றி மனு போடலாம். பாஸ்போர்ட் நகலை ஏற்றியதும் 7 இலக்க எண் ஒன்று தருவார்கள். பட்டியலில் இருக்கிறீர்களா இல்லையா என்று பதிலில் சொல்லவே மாட்டார்கள், அது அவர்கள் வழக்கம். விசாரணை முடிந்ததும் அந்த எண்ணை ஒவ்வொரு டிக்கெட்டிலும் ரிட்ரஸ் நம்பர் என்று கேட்கும் கட்டத்தில் போட வேண்டும். டிராவல்ஸ்காரர் அதைக் காலியாக விட்டால் வாங்கிய எண்ணால் பயனில்லை.