கவுண்டி ஜெயிலில் கைதி பார்த்த வேலை: பதிவேட்டில் என்ன இருக்க வேண்டும்?

கலிபோர்னியா தண்டனைச் சட்டம் 4019-ஆம் பிரிவின்படி, கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஜெயிலில் இருப்பவருக்கு ஒவ்வொரு நான்கு நாளுக்கும் வேலைக்காக ஒரு நாளும் நன்னடத்தைக்காக ஒரு நாளும் தண்டனையில் கழிவு உண்டு. இரண்டும் கிடைத்தால், இரண்டு நாள் உள்ளே இருந்தாலே நான்கு நாள் கழிந்ததாகக் கணக்கு; 120 நாள் தண்டனை 60 நாளில் முடியும். (வன்முறைக் குற்றங்களில் கழிவு இதைவிட மிகக் குறைவு.) வேலைக்கான நாளைப் பிடித்து வைக்க வேண்டுமானால், ‘கொடுத்த வேலையைச் சரிவரச் செய்ய மறுத்தார்’ என்பது பதிவேட்டில் தெரிய வேண்டும். காவலருக்கு ஞாபகம் இருந்தால் போதாது.

குளறுபடி இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஷிப்ட் தாளில் பெயருக்கு நேரே ‘வேலை இல்லை’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். உடம்பு சரியில்லையா, கோர்ட்டுக்குப் போனாரா, லாக்டவுனா (எல்லோரையும் அறையில் பூட்டி வைத்திருந்தார்களா), வேலையே ஒதுக்கவில்லையா, வரமாட்டேன் என்றாரா? கடைசிக் காரணம் மட்டுமே கழிவைத் தொடும். ஒழுங்கான பதிவு இப்படி இருக்கும்: ‘காலை 4.30, சமையல்கூடம், தட்டு கழுவும் இடம். இருமுறை அழைத்தும் வரவில்லை. நோய் என்று சொல்லவில்லை.’ கீழே அழைத்தவரின் பெயர், பேட்ஜ் எண், கையெழுத்து.

அடுத்தது, அன்றைய தேதியில் அவர் விசாரணைக் கைதியா, தண்டனைக் கைதியா என்பது. கட்டாய வேலையைத் தடை செய்யும் 1865-இன் 13-ஆவது அமெரிக்க அரசியல் சட்டத் திருத்தம் அந்தத் தடைக்கு விலக்கு தருவது தண்டிக்கப்பட்டவர் விஷயத்தில் மட்டும். தன் அறையைப் பெருக்குவது வேறு. சமையல்கூட ஷிப்டுக்கு விசாரணைக் கைதியிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். விலகினால் அந்தத் தேதியும் ஏற வேண்டும். அலமீடா கவுண்டி வழக்கில், தனியார் நிறுவனத்துக்காக ஜெயில் சமையல்கூடத்தில் வேலை பார்த்த விசாரணைக் கைதிகளுக்கு மாநிலச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி கிடையாது என்று 2024-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூலிதான் இல்லையே என்று நேரத்தை எழுதாமல் விடுவது மடத்தனம். கையில் வெந்நீர் கொட்டினால் முதலில் கேட்கப்படுவது, அந்த நேரத்தில் அவர் எங்கே, யார் பொறுப்பில் இருந்தார் என்பதுதான்.

சமையல் வேலைக்கு மருத்துவப் பரிசோதனைத் தேதி கட்டாயம் இருக்கட்டும். ஷிப்ட் தொடங்கும்முன் வயிற்றுப்போக்கு, வாந்தி, மஞ்சள் காமாலை, கையில் திறந்த புண் உண்டா என்று கேட்டதையும் எழுதுங்கள். கத்திகளுக்கு எண் போட்டு, கொடுத்ததும் திரும்பி வந்ததும் தனித்தனிக் கையெழுத்தோடு பதிய வேண்டும்.

தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இடுங்கள், வொய்ட்னர் வேண்டாம். தாள்கள் அன்றன்றே ரிலீஸ் தேதி கணக்கிடும் மேசைக்குப் போகட்டும். மாதக் கடைசியில் கட்டாக அனுப்பினால், சின்னத் தண்டனைக்காரருக்கு வெளியே போக வேண்டிய நாள் அதற்குள் தாண்டியிருக்கும்.