ஒரு கையால் நான்கு மணி நேரம்

"சிஸ்டர், இப்ப நான் எத்தனாவது நம்பர்?"

என் வேலையில் நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். சென்னையில் ஒரு மருத்துவமனையில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். அதற்கு முன்னால் பதினோரு வருடம் டயாலிசிஸ் யூனிட்டில் நர்ஸ். பதவியின் பெயர் மாறினாலும் எல்லோருக்கும் நான் இன்னும் சிஸ்டர்தான்.

நம்பரைச் சொல்லிவிடுவேன். கூடவே, அதை வைத்து நாள் எண்ண வேண்டாம் என்றும் சொல்வேன். மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து தானமாகக் கிடைக்கும் சிறுநீரகத்துக்கான காத்திருப்போர் பட்டியல் ரேஷன் கடை வரிசை மாதிரி நகர்வதில்லை. ரத்த வகைக்கு ஏற்ப அது பிரிகிறது. முன்னால் இருப்பவருக்குக் காய்ச்சல் என்றால் அவரைத் தாண்டி அழைப்பு அடுத்தவருக்குப் போகும். கிராஸ்மேட்ச், அதாவது கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை, சேரவில்லை என்றாலும் அப்படித்தான். சில சமயம் ஆறு மாதம் அசையாத நம்பர் ஒரே வாரத்தில் நாலு இடம் முன்னால் வரும். மாதங்களில் முடிந்தவர்களும் உண்டு, வருடக்கணக்கில் இருப்பவர்களும் உண்டு.

ஆனால் "சரி, அதுவரைக்கும் என்ன பண்றது?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய கேள்வி அதுதான். (இதில் வரும் மனிதர்களை அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.)

முதலில் நாற்காலியிலிருந்து தொடங்குகிறேன். டயாலிசிஸ் வாரத்துக்கு மூன்று முறை, ஒரு முறைக்கு நான்கு மணி நேரம். வருடத்துக்கு 624 மணி நேரம். முழு நாட்களாகப் போட்டால் 26 நாள். ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவான காலம் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே போய்விடுகிறது. அதுவும் ஒரு கையோடு. பிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைக்கும் இடம், பெரும்பாலும் எழுதாத கையில்தான் போடுவார்கள். அந்தக் கையில் இரண்டு ஊசி ஏறிவிட்டால் மடக்கக் கூடாது, தூக்கக் கூடாது. மிச்சம் இருப்பது இன்னொரு கை.

முதல் ஒரு மாதம் எல்லோரும் குழாயில் ஓடும் ரத்தத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அப்புறம் செல்போன். நாலு மணி நேரம் ரீல்ஸ் பார்த்துவிட்டு எழும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், டயாலிசிஸ் எடுத்த களைப்பா, போன் பார்த்த களைப்பா என்று தெரியாது.

அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்த ஒரு அண்ணன் வருவார். செவ்வாய், வியாழன், சனி, காலை ஷிஃப்ட். அவருக்குப் பேப்பர் படித்தே ஆகவேண்டும். ஒரு கையால் செய்தித்தாளைப் பிரித்துப் பாருங்கள், தெரியும். பாதியில் சரிந்து மூக்கில் விழும். அவர் மனைவி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் டிபன் பாக்ஸ் கட்டும்போதே பேப்பரைத் தனித்தனித் தாளாக எடுத்து, ஒவ்வொன்றையும் எட்டாக மடித்து, வரிசையாக ஒரு பரீட்சை அட்டையில் கிளிப் போட்டுக் கொடுத்துவிடுவார். இவர் ஒரு தாளை உருவுவார், படிப்பார், புரட்டுவார், மடி மேல் வைப்பார். குறுக்கெழுத்துப் பக்கம் கடைசியில் இருக்கும். மூன்றாவது மணி நேரத்துக்கு அது. அந்த மூன்றாவது மணி நேரம்தான் எல்லோருக்கும் நீளமானது. உடம்பிலிருந்து இயந்திரம் தண்ணீரை அதிகமாக எடுக்கிற நாட்களில் கால் கெண்டைச் சதை இழுப்பதும், ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுவதும் அப்போதுதான்.

பூ விற்கும் அம்மா ஒருவர் இருந்தார். பூக்கட்ட இரண்டு கையும் வேண்டும், சில நேரம் கால் கட்டைவிரலும் வேண்டும். "கையைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கு சிஸ்டர்" என்று முதல் வாரம் அழுதார். பிறகு படுத்துக்கொண்டே வாடிக்கையாளர்களுக்குப் போன் போட ஆரம்பித்தார். எந்த வீட்டில் வளைகாப்பு, எந்தக் கோயிலுக்கு எத்தனை முழம், எல்லாம் எங்கள் வார்டுக்கே மனப்பாடம். டயாலிசிஸ் இல்லாத நாளில் கட்டுவார். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவனும் உண்டு. டெக்னீஷியன் பிரஷரைக் குறித்துக்கொண்டே அவனிடம் பொது அறிவுக் கேள்வி கேட்பார். இரண்டு முறை எழுதினான், இரண்டிலும் வரவில்லை. மூன்றாவது முறைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான்.

தூங்குபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து இரண்டு பஸ் மாறி வருபவர்கள் அவர்கள்.

நாற்காலியில் போகும் நேரமாவது எப்படியும் போய்விடும். வீட்டில் இருக்கும் நேரம்தான் பாடு. முக்கியமாகத் தாகம். சிறுநீர் எவ்வளவு போகிறதோ அதோடு அரை லிட்டர் சேர்த்து, ஒரு நாளைக்கு அவ்வளவுதான் என்று பெரும்பாலும் கணக்குச் சொல்வார்கள். சென்னை மே மாதத்தில் இது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். "தண்ணிதானே கூடாது, ரசம் குடிக்கலாம்ல?" என்று கேட்காத ஆள் இல்லை. ரசம், மோர், கஞ்சி, காபி எல்லாமே தண்ணீர்க் கணக்குதான். எடை மெஷின் ஏமாறாது. ஒரு லிட்டர் குடித்தால் ஒரு கிலோ ஏறும்.

எனக்குத் தெரிந்து வேலை செய்வது இதுதான். காலையில் அன்றைய அளவை ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுங்கள். காபி குடித்தால் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள். பெரிய டம்ளரை மாற்றி டபராவோடு வரும் சின்ன டம்ளருக்கு வாருங்கள். வாய் கொப்பளித்துத் துப்புங்கள். ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டால் ரொம்ப நேரம் தாங்கும். எல்லாவற்றையும் விட, உப்பைக் குறையுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு உள்ளே போனபிறகு தாகத்தோடு சண்டை போட்டு யாரும் ஜெயித்ததில்லை.

பார்க்க வருகிறவர்கள் ஒரு தனிப் பிரச்சினை. பை நிறைய சாத்துக்குடி, ஒரு சீப்பு வாழைப்பழம், உடம்பு குளிர்ச்சிக்கு இளநீர். எல்லாமே பொட்டாசியம். சிறுநீரகம் வெளியேற்ற முடியாத பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும், உயிருக்கே ஆபத்து. "சோடியம் கம்மி" என்று விற்கும் உப்புப் பொட்டலத்திலும் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம்தான் இருக்கிறது. நல்லது என்று நினைத்து அதை வாங்கிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்கப் போகிறீர்கள் என்றால் பழம் வேண்டாம். ஒரு வாரப்பத்திரிகை வாங்கிப் போங்கள், ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுங்கள். நோயைப் பற்றிப் பேசாமல் இருந்தால் இன்னும் நல்லது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. "கிட்னி கிடைச்சதும் பார்த்துக்கலாம்." மகள் கல்யாணம், வீட்டுப் பராமரிப்பு, பாதியில் விட்ட கோர்ஸ், பல்வலி, எல்லாமே அந்த ஒரு நாளுக்குப் பிறகு என்று தள்ளிப்போகும். பல்வலியை வேண்டுமென்றேதான் இந்த வரிசையில் வைத்தேன். மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள் கொடுக்கவேண்டும். அப்போது ஒரு சொத்தைப் பல்கூடப் பெரிய தொற்றாகிவிடும். பல்லில் சீழ் பிடித்துக் காய்ச்சலோடு இருந்த ஒருவரைத் தாண்டி அழைப்பு அடுத்தவருக்குப் போனதை நானே பார்த்திருக்கிறேன். பல்லைப் பாருங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முடியுங்கள். எக்கோ என்கிற இதய ஸ்கேன் பழசாகிவிட்டதா என்று கேளுங்கள். ரத்தம் குறைவாக இருக்கிறது என்று யாராவது ரத்தம் ஏற்றச் சொன்னால், ஏற்றும் முன் உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேறொருவர் ரத்தம் ஏறும்போது உடலில் எதிரணுக்கள் (ஆன்டிபாடி) உருவாகலாம், பிறகு பொருத்தம் கிடைப்பது கடினமாகும். அவசரத்தில் ஏற்றித்தான் ஆகவேண்டும், அது வேறு.

கல்யாணத்தையும் நடத்துங்கள். டயாலிசிஸை வேறு ஊரில் எடுக்க முன்கூட்டியே ஏற்பாடு செய்ய முடியும். கும்பகோணத்தில் மகள் கல்யாணத்தை நடத்திவிட்டு, முகூர்த்தத்துக்கு மறுநாள் அங்கேயே டயாலிசிஸ் எடுத்துக்கொண்டு வந்தவர் உண்டு. எங்களிடம் ஊரைச் சொல்லிவிட்டுப் போனால் போதும்.

ஏனென்றால் போன் எப்போது வரும் என்று எங்களுக்கே தெரியாது. பெரும்பாலும் ராத்திரியில். நான் கேட்பது நாலே கேள்வி. காய்ச்சல், சளி இருக்கிறதா? கடைசி டயாலிசிஸ் எப்போது? கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்? எவ்வளவு நேரத்தில் வர முடியும்? அதன்பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. தானமாக எடுத்த இதயத்தைப் பொருத்த ஏறக்குறைய நாலு மணி நேரம்தான் அவகாசம். சிறுநீரகம் அதைவிட நிறைய நேரம் தாங்கும். அதனால் பதறவேண்டாம். ஆனால் போனை எடுக்கவேண்டும்.

ஒரு முறை ஒருவருக்கு விடாமல் முயற்சி செய்தோம். ரீசார்ஜ் தீர்ந்து இன்கமிங் நின்றுபோயிருந்தது. அவர் கொடுத்திருந்த இரண்டாவது எண்ணும் அதே போனில் இருந்த இன்னொரு சிம். காலை பத்து மணிக்கு அவர் கூப்பிட்டபோது அந்தச் சிறுநீரகம் வேறொருவர் உடலில் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. அவரிடம் அதை எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. மனைவி எண், மகன் எண், மாடி வீட்டுக்காரர் எண் என்று மூன்றாவது கொடுங்கள். ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்கள்.

எல்லோரும் பேசத் தயங்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. முப்பது வயது டீச்சர் ஒருவர் ஊசி போடும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ராத்திரி மழை பெஞ்சா தூக்கம் வரமாட்டேங்குது சிஸ்டர். போனையே பாத்துட்டு இருக்கேன். எதுக்குப் பாக்குறேன்னு யோசிச்சா எனக்கே அசிங்கமா இருக்கு."

மழை, வழுக்கும் ரோடு, ஹெல்மெட் இல்லாத பையன்கள். அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

நான் அவரிடம் நடைமுறையைத்தான் சொன்னேன். மூளைச்சாவை உறுதிசெய்ய நான்கு மருத்துவர்கள் வேண்டும். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்கவேண்டும். உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்யும் குழுவில் இருப்பவர் யாரும் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பதற்கும் அந்தப் படுக்கையில் நடப்பதற்கும் சம்பந்தமே இல்லை. அதன்பிறகுதான் குடும்பத்திடம் போய்ப் பேசுகிறோம். பேசுபவளும் நானே. 2008-இல், விபத்தில் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் பெற்றோர் மகனின் உறுப்புகளைக் கொடுத்தது இந்த ஊர் மறக்காத விஷயம், அவர்கள் இருவரும் மருத்துவர்கள். நான் பார்க்கும் குடும்பங்களில் பெரும்பாலானோர் மூளைச்சாவு என்ற சொல்லையே அன்றுதான் கேட்கிறார்கள். இருந்தும் "வீணாப் போக வேணாம்மா, எடுத்துக்குங்க" என்கிறார்கள். 2023 செப்டம்பரிலிருந்து அப்படித் தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கிறது.

நீங்கள் காத்திருப்பதால் யாரும் சாவதில்லை என்றேன். தலையாட்டினார். அன்று ராத்திரி அவர் தூங்கியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

மனச்சோர்வை டயாலிசிஸ் களைப்பு என்று ஒதுக்கிவிடுவது எங்கள் துறையிலும் நடக்கும் தவறு. காரணம் சொல்லாமல் டயாலிசிஸைத் தவறவிடுவது, தெரிந்தே தண்ணீரை அள்ளிக் குடிப்பது, "எனக்குப் போய் எதுக்கு இவ்ளோ செலவு" என்பது, இவை வந்தால் வீட்டில் இருப்பவர்கள் அதட்டாமல் எங்களிடம் சொல்லுங்கள். இதற்கும் மருத்துவம் உண்டு. ராத்திரி நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழில் பேசலாம். வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் மனைவிகளுக்கும் அம்மாக்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

லேத் பட்டறை அண்ணனுக்கு மூன்று முறை அழைப்பு போனது. மூன்று முறையும் மாற்று ஆளாக. ஒரு சிறுநீரகத்துக்கு இரண்டு மூன்று பேரை வரச்சொல்வோம், கிராஸ்மேட்ச் முடிவைப் பார்த்துத்தான் தீர்மானம். மூன்றாவது முறை ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிட்டேன். காலை ஆறு மணிக்கு முடிவு வந்தது. இரும்பு நாற்காலியில், மஞ்சப்பையில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"காபி குடிக்கலாம்ல சிஸ்டர்?"

"குடிங்கண்ணா. அரை டம்ளர்."

சிரித்தார். அப்புறம், "அந்தப் பக்கம் ஆளுக்கு நல்லா நடந்துட்டிருக்கா?" என்று கேட்டார். யார் என்று சொல்லக் கூடாது, நடக்கிறது என்று மட்டும் சொன்னேன். அன்று சனிக்கிழமை. வீட்டுக்குப் போய்த் திரும்பி வருவதற்குப் பதிலாக டயாலிசிஸை இப்போதே இங்கேயே போட்டுவிடுங்கள் என்றார். ஆறே முக்காலுக்கு ஊசி ஏறியது. அவர் மனைவி காபி வாங்கக் கீழே போயிருந்தார். ராத்திரியே கிளம்பி வந்ததில் பரீட்சை அட்டை வீட்டிலேயே நின்றுவிட்டது. வார்டுக்கு வந்த பேப்பரை எடுத்து, எனக்குத் தெரிந்த மாதிரி எட்டாக மடித்துக் கையில் கொடுத்தேன்.

இரண்டு புறமும் திருப்பிப் பார்த்தார். "இப்படி இல்ல சிஸ்டர், விளையாட்டுப் பக்கம் மேல வரணும்."