3 மீட்டர் தகடும் 7 மில்லிமீட்டர் இடைவெளியும்

எங்கள் தெருமுனை மருந்துக்கடையின் ஒளிரும் பெயர்ப்பலகையில் சென்ற மழைக்காலத்தில் ஒரு விரிசல் ஓடியது. பலகை இருப்பது முதல் மாடி உயரத்தில். இடப்பக்கம் அடுத்த கட்டடத்தின் சுவர், வலப்பக்கம் மழைநீர்க் குழாய். முகப்பை மாற்ற வந்தவர் ஏணியில் நின்று கால் மணி நேரம் பார்த்தார். "இதை மாட்டியவர் எதிரில் வந்தால் நாலு கேள்வி கேட்பேன்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

அந்த நாலு கேள்விக்கும் விடை இயற்பியலில் இருக்கிறது.

ஒளிரும் பலகை என்பது ஒரு பெட்டி. பின்னால் தகரம், உள்ளே விளக்குகள், முன்னால் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பால்வெள்ளை முகப்பு. முகப்பைப் பசை போட்டு ஒட்டுவதில்லை. சட்டத்தின் மேலும் கீழும் உள்ள காடிகளில், அதாவது நீளமான பள்ளங்களில், அது செருகி நிற்கிறது. கடைகளில் இருக்கும் கண்ணாடி அலமாரியின் நகரும் கதவைக் கழற்றியவர்களுக்கு இந்த வித்தை தெரியும். மேல்காடி ஆழமானது, கீழ்க்காடி ஆழம் குறைந்தது. கதவை மேலே தூக்கினால் கீழ் விளிம்பு விடுபடும். முன்னால் சாய்த்து இறக்கிவிடலாம். மாட்டும்போது அதே வழி, தலைகீழாக.

எங்கள் மருந்துக்கடைப் பெட்டியில் இரண்டு காடிகளும் ஒரே ஆழம். முகப்பைப் பக்கவாட்டில்தான் உருவ வேண்டும். 3 மீட்டர் நீளத் தகட்டை உருவப் பக்கத்தில் இன்னொரு 3 மீட்டர் வெற்றிடம் வேண்டும். அங்கோ சுவரும் குழாயும். முதலில் மாட்டியவர் தரையிலேயே தகட்டைச் செருகி, பெட்டியை முழுதாக மேலே ஏற்றியிருக்கிறார். ஏற்றிய நாளில் அது எளிய வழியாகத்தான் தோன்றியிருக்கும்.

விரிசல் ஏன் வந்தது? காற்றில் தகடு கடகடத்ததால் யாரோ இரு முனைகளிலும் திருகாணி முடுக்கியிருக்கிறார்கள். இந்த பிளாஸ்டிக் வெப்பத்தில் நீளும் அளவு இரும்பைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு. வெப்பம் 40 டிகிரி கூடினால் 3 மீட்டர் அக்ரிலிக் 8 மில்லிமீட்டருக்கு மேல் நீள்கிறது. அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட நீள்வதில்லை. மீதி 7 மில்லிமீட்டருக்குத் தகடு எங்கே போகும்? காடிக்குள் இடைவெளி விட்டிருந்தால் நழுவிக்கொள்ளும். திருகாணி பிடித்துவைத்தால் வெயிலில் உப்பும், மழை பட்டுச் சட்டென்று குளிரும்போது இரு பக்கமும் இழுபடும். அந்த இழுவிசை துளையின் ஓரத்தில் பல மடங்காகக் குவிகிறது. விரிசல் துளையிலிருந்தே தொடங்கியிருந்ததை நானே பார்த்தேன். எத்தனை இடைவெளி விடுவது என்பது தகட்டை வெட்டும் நேரத்தையும் பொறுத்தது: உச்சி வெயிலில் அளந்து வெட்டினால் தகடு ஏற்கெனவே நீண்டிருக்கிறது, சிறு இடைவெளி போதும். விடியற்காலையில் வெட்டினால் தாராளமாக விட வேண்டும்.

பெட்டியைக் கழற்றாமல் புதிய முகப்பைச் செருகுவதற்கு, வந்தவர் கண்டுபிடித்த வழி வளைப்பது. 90 செ.மீ. உயரத் தகட்டை நடுவில் 7 செ.மீ. அளவுக்கு வளைத்தால் அதன் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் இடையிலான தூரம் சுமார் ஒன்றரை செ.மீ. குறைகிறது. மேல்விளிம்பை முதலில் செருகி, வளைத்தபடியே கீழ்விளிம்பைக் காடிக்கு நேரே கொண்டுவந்து விட்டால் தகடு தானாக நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். கணக்குப்படி இந்த வளைவை அக்ரிலிக்கும் தாங்கும். ஆனால் ரம்பம் விட்ட ஒரு சிறு கீறல் விளிம்பில் இருந்தால் போதும், அங்கிருந்து கிழியும். பாலிகார்பனேட் என்ற இன்னொரு வகை பிளாஸ்டிக் அப்படியல்ல, கீறலின் முனையில் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் நழுவி இடம்கொடுக்கின்றன, விரிசல் எளிதில் ஓடுவதில்லை. எனவே பாலிகார்பனேட் வாங்கினார்கள்.

3 மி.மீ. தடிமனில் அந்தத் தகட்டின் எடை 10 கிலோதான். சவுக்குக் கம்புச் சாரத்தில் நின்று இரண்டு பேர் பிடித்துவிடலாம், காற்று இல்லாதவரை. மணிக்கு 36 கி.மீ. காற்று நேராக அடித்தால் அது அந்தத் தகட்டைத் தள்ளும் விசை 16 கிலோ எடைக்குச் சமம்; வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. அதனால் வேலை காலை ஆறு மணிக்கே தொடங்கியது. முன்னால் ஓடிய மின்கம்பியில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் சாரத்தில் ஏறினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 7 செ.மீ. வளைந்து உள்ளே போன தகடு, 7 செ.மீ. வளைந்தால் வெளியேயும் வரும். சென்னையில் கட்டுமானங்களுக்குக் கணக்கிடும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் இந்த முகப்பின் மேல் விழுவது சுமார் 400 கிலோ எடைக்கு ஈடான விசை. ஆகவே செருகி முடித்ததும் விளிம்புகளின் மேல் L வடிவ அலுமினியப் பட்டை (ஆங்கிள்) ஒன்றைப் படியவைத்தார்கள். திருகாணி சட்டத்தில் மட்டும், தகட்டில் அல்ல.

பாலிகார்பனேட்டின் குறை, வெயிலில் மஞ்சளாவது. புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். எந்தப் பக்கம் என்பது மேலே ஒட்டிய காப்புத்தாளில் அச்சிட்டிருக்கும். தாளை அவசரமாக உரித்தெறிந்துவிட்டால் பிறகு கண்ணால் பிரித்தறிய முடியாது. பூச்சு வெளியே பார்க்க வேண்டும்.

பால்வெள்ளை நிறமும் அழகுக்காக மட்டும் அல்ல. தகட்டுக்குள் கலந்த வெள்ளைத் துகள்கள் ஒளியைத் திசைதிருப்பிச் சிதறடிப்பதால்தான் விளக்குகள் புள்ளி புள்ளியாகத் தெரியாமல் முகப்பு முழுவதும் ஒன்றாக ஒளிர்கிறது. விளக்குகளுக்கு இடையிலான தூரம் பெட்டியின் ஆழத்தை மிஞ்சினால் துகள்களால் மட்டும் மறைப்பது கடினம்.

உள்ளே இருந்த பழைய டியூப் லைட்டுகளுக்குப் பதில் 12 வோல்ட் எல்இடி மாட்யூல்களை (சிறு விளக்குத் தொகுதிகளை) முந்தைய நாளே மாற்றியிருந்தார்கள். முகப்பை உடனே மூடாமல் இரவெல்லாம் அவற்றை எரியவிட்டார் முகப்பை மாற்ற வந்தவர். கடைக்காரருக்கு அது வீண் தாமதமாகத் தோன்றியது. விடிந்து பார்த்தபோது இரண்டு மாட்யூல்கள் அணைந்திருந்தன.