மூலையில் ஒரு ஸ்டூல்

"ஒரு மாசமா தலை சுத்துது டாக்டர். படுக்கையில திரும்பும்போது..." என்று அந்த அம்மா ஆரம்பித்தார். எங்கள் முதலாண்டு ரெசிடென்ட் (எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பு படிக்கும் டாக்டர்) அங்கேயே மறித்தார். "பி.பி. இருக்கா? சுகர் இருக்கா? மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" கொஞ்ச நேரத்தில் ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., தலைக்கு சி.டி. ஸ்கேன் என்று சீட்டு எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். நான் ஓபி அறையின் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். குடும்ப மருத்துவம் சொல்லிக்கொடுப்பவருக்கு அதுதான் இடம்.

"படுக்கையில திரும்பும்போதுன்னு ஏதோ சொல்ல வந்தீங்களேம்மா?" என்று மட்டும் கேட்டேன். வலப்பக்கம் புரண்டால் அறையே சுழல்கிறதாம். அரை நிமிடத்தில் நின்றுவிடுமாம். எழுந்து நடந்தால் ஒன்றும் இல்லை.

நோயின் பெயரையே அவர் சொல்லிவிட்டார் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். உள்காதில் இருக்கும் கால்சியம் துகள்கள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிட்டால் இப்படித்தான் சுற்றும். தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று படுக்கவைத்தால் கண்விழி படபடவென்று ஆடுவதைப் பார்க்கலாம். அப்புறம் அதே கட்டிலிலேயே எப்லி முறைப்படி தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகள்களைப் பழைய இடத்துக்கு அனுப்பிவிடலாம். ரெசிடென்ட்டே செய்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கிளம்பும்போது அந்த அம்மா, "அப்போ இது பக்கவாதம் இல்லையே?" என்றார். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலைசுற்றலில்தான் ஆரம்பித்ததாம். ஒரு மாதமாகத் தூக்கம் போனதே அந்தப் பயத்தால்தான். (பேச்சுக் குழறல், முகம் கோணுதல், கைகால் பலவீனம், இரட்டைப் பார்வை, நடக்க முடியாத தள்ளாட்டம் எதனோடாவது சேர்ந்து தலை சுற்றினால் கதையே வேறு. அப்போது ஓபி வரிசையில் நிற்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.)

1984-ல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கெல் என்ற இருவர் 74 நோயாளிகளின் உரையாடலைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கே பேசிவிடுகிறார் என்று தெரிந்தது. ரெசிடென்ட்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால், நோயாளியின் சம்மதத்தோடு என் ஓபியையே ஒருநாள் பதிவு செய்து கேட்டேன். அன்றைக்கு வகுப்பை ரத்து செய்துவிட்டேன்.

ஏன் இப்படி ஆகிறது? எங்கள் பிள்ளைகள் வளர்வது வார்டில். 1961-ல் கெர் ஒயிட்டும் சகாக்களும் ஒரு கணக்கு போட்டார்கள். ஆயிரம் பெரியவர்களை எடுத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் சுமார் 750 பேருக்கு ஏதாவது உடம்புக்கு வருகிறது. அதில் 250 பேர் டாக்டரைப் பார்க்கிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனை வரை போவது ஒரே ஒருவர். அமெரிக்க, பிரிட்டிஷ் கணக்குதான், பழசும்கூட. ஆனாலும் நம் மருத்துவப் படிப்பு பெரும்பாலும் அந்த ஒருவரைச் சுற்றியே நடக்கிறது. வார்டுக்கு வரும் தலைவலி ஏற்கெனவே சலித்தெடுக்கப்பட்ட தலைவலி. ஓபிக்கு வருவது தூக்கம் கெட்ட தலைவலி, கண்ணாடி மாற்றாத தலைவலி, மகன் போன் செய்யாத தலைவலி. நரம்பியல் பிரிவில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வரும் ரெசிடென்ட்டுக்கு எல்லாத் தலைவலியும் மூளைக் கட்டியாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

"ஃபேமிலி மெடிசினா? வேற சீட் கிடைக்கலையா?" என்று எங்கள் ரெசிடென்ட்களைக் கேட்காத சொந்தக்காரர் கிடையாது. எம்.பி.பி.எஸ். முடித்து, மற்றவர்களைப் போலவே மேற்படிப்புக்கான நீட் பிஜி நுழைவுத் தேர்வு எழுதி, டி.என்.பி. என்ற மேற்படிப்பில் குடும்ப மருத்துவத்தை மூன்று ஆண்டு படிக்கிறார்கள். பொது மருத்துவம், குழந்தைகள், மகப்பேறு, அறுவை சிகிச்சை, எலும்பு, தோல், மனநலம் என்று சுற்றி வருகிறார்கள். ஆய்வேடும் உண்டு. குடும்ப மருத்துவ நிபுணர்கள் தேவை என்று 2002 தேசிய சுகாதாரக் கொள்கையே சொல்லிவிட்டது. சொந்தக்காரர்களுக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

சொல்லிக்கொடுக்கக் கஷ்டமானது காத்திருத்தல். இரண்டாம் நாள் காய்ச்சலோடு ஒரு பையன் வருகிறான். நன்றாகத் தண்ணீர் குடிக்கிறான், விளையாடவும் செய்கிறான். அட்மிட் செய்தால் ரெசிடென்ட்டுக்கு நிம்மதி. வீட்டுக்கு அனுப்பினால் அவருக்குத் தூக்கம் வராது. அனுப்பலாம், ஆனால் எதற்காகத் திரும்பி வர வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லி, அவரையே திருப்பிச் சொல்லவைத்து அனுப்ப வேண்டும். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று ஊரே நிம்மதியாகும்போது கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து சுருண்டு படுப்பது, சிறுநீர் குறைவது இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே வரவேண்டும். "எதுவும்னா வாங்க" என்று சொல்லி அனுப்பும் ரெசிடென்ட்டை நான் திருப்பி அனுப்புவேன். "எதுவும்" என்றால் எது?

எங்கள் துறையில் சேரும் ஒவ்வொரு ரெசிடென்ட்டிடமும் சில குடும்பங்களை ஒப்படைக்கிறோம். மூன்று ஆண்டும் அவர்களுக்கு அவர்தான் டாக்டர். அப்படி ஒரு பாட்டிக்குச் சுகர் 300-க்குக் கீழே இறங்கவே இல்லை. இன்சுலின் அளவை மூன்று முறை கூட்டினார் ரெசிடென்ட். நான்காவது முறை கேட்டபோது, வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். போனால், வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. மருந்து எதிர்வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது. எட்டு மணிக்கு மேல் அவர்கள் கதவைச் சாத்திவிட்டால் தட்டக் கூச்சப்பட்டு ராத்திரி ஊசியைப் பாட்டி விட்டுவிடுகிறார். பிரித்த பாட்டிலைச் சூடு படாமல் வைத்தால் ஏறக்குறைய நான்கு வாரம் ஃபிரிட்ஜுக்கு வெளியே தாங்கும். வெயில் காலத்துக்கு ஈர மணல் போட்ட மண்பானை போதும். பாட்டி வீட்டில் பானை இருந்தது. அளவைப் பழையபடி குறைத்து, சுகரை அடிக்கடி பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தோம்.

போன வருடம் அந்த ரெசிடென்ட் படிப்பை முடித்துக் கிளம்பும்போது, புதிதாகச் சேர்ந்த பெண்ணைப் பாட்டிக்கு அறிமுகம் செய்துவைத்தார். பாட்டி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பாப்பாவும் மூணு வருஷத்துல போயிடுமா?"

என்னிடம் பதில் இல்லை. புதுப்பெண் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, "பானை இன்னும் இருக்கா பாட்டி?" என்று கேட்டாள்.